சொந்தக்காரி இல்லாத பயம்

சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இசக்கிக்கு அடிவயிறு சில்லிட்டது. கத்திரிக்காயிடம் அவளுக்குப் பயம் எதுவும் கிடையாது. கடைக்காரரும் பரம சாது. ஆகவே இது தன்னுடையதல்ல என்று முடிவுகட்டி, கைப்பேசியை எடுத்து, மூன்று பேர் மட்டும் இருக்கும் குழுவில் ஒரே ஒரு சொல்லைப் போட்டாள்: "யாரு?"

அரை நிமிடத்தில் ஹஸீனாவின் பதில் வந்தது. "நான்தான். வைவா தேர்வு."

இசக்கி மறுபடி கத்திரிக்காய்க்குத் திரும்பினாள்.

அந்த வீட்டில் மூன்று வருடம் இப்படித்தான் ஓடிற்று. தூத்துக்குடிக் கடற்கரையோரம் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் சேரும் பிள்ளைகள், ஒரே கூரையின்கீழ் தங்குகிறவர்களாக இருந்தால், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு சில்லு வைத்துக்கொள்ளலாம். சில்லு செய்கிற வேலை ஒன்றே ஒன்று. ஒருத்திக்கு வரும் பயத்தை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. தேர்வு அறையில் மயங்கி விழுகிறவர்களும், படிப்பே வேண்டாமென்று பாதியில் ரயிலேறுகிறவர்களும் அதிகமாகிப்போன ஒரு காலத்தில் யாரோ நல்ல மனசுக்காரர் கண்டுபிடித்தது அது.

நல்ல மனசோடு செய்கிற காரியங்களிலும் கோணல் ஒன்று கூடவே வந்துவிடுகிறது. "தைரியமான பெண் தேவை, ஓர் இடம் காலி" என்று சுற்றுவட்டாரத்து டீக்கடைச் சுவர்களிலெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. பயந்த சுபாவக்காரர்களை எந்த வீடும் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்தவள் பயத்தையும் சேர்த்துச் சுமக்க யாருக்குத் தலையெழுத்து? யாருக்குச் சில்லு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் வீடு கிடைக்கவில்லை என்பதை அந்த நல்ல மனசுக்காரர் யோசித்திருக்க மாட்டார்.

இசக்கி நாங்குநேரிப் பக்கத்துப் பெண். முதல் வருடம் வீடு தேடி அலைந்தபோது, கேட்ட இடத்திலெல்லாம் "நான் கொஞ்சம் பயப்படுவேன்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். இரண்டு வீடுகளில் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவள் மிருதுளா. கோபிச்செட்டிபாளையத்துக்காரி, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உயரம். இசக்கி சொன்னதைக் கேட்டுவிட்டுப் பையை வாங்கி உள்ளே வைத்தாள். "பயந்தாப் பயந்துட்டுப் போ புள்ள. எனக்குத்தான் அந்த வியாதியே கெடையாதே. உன்றத நான் வாங்கிக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக இசக்கி அவளுக்கு உயிரையே கொடுப்பாள். மிருதுளாவும் அதற்குத் தகுந்த ஆள்தான். குளியலறையில் புகுந்த பாம்பைத் துடைப்பக்கட்டையால் தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் விட்டவள். அலை கொந்தளிக்கும் நாளில் கடலில் இறங்கி ஆய்வுக்கு மாதிரித் தண்ணீர் எடுத்து வந்தவள். மூன்றாமவள் ஹஸீனா, காயல்பட்டினம். சமையலிலும் பேச்சிலும் உப்பு சரியாகப் போடத் தெரிந்தவள். அவள் வாய்க்கு அஞ்சி வீட்டுக்காரரே மாடிக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.

வருகிற பயத்தின் அளவு மூவருக்கும் ஒன்றுதான் என்பதால், அது யாருடையது என்று உடம்புக்குத் தெரியாது. காரணம் யாரிடம் இருக்கிறதோ அவள்தான் சொந்தக்காரி. அதனால்தான் அந்த "யாரு?" என்ற கேள்வி. கேட்டால் ஒருத்தி "நான்தான்" என்பாள். மற்ற இருவரும் நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். யாரு என்று கேட்கலாம், எதற்கு என்று கேட்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவளாகச் சொன்னால் உண்டு. மிருதுளா போட்ட சட்டம். எவ்வளவு நாகரிகமான வீடு நம்முடையது என்று மூவருக்கும் அதில் பெருமை வேறு.

அடிக்கடி "யாரு?" பதிலில்லாமல் தொங்கும். பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணிவாக்கில். ஐந்து நிமிடம் ஆகும், பத்து நிமிடம் ஆகும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இசக்கிக்கு அது பொறுக்காது. தனக்குள் ஒரு காரணம் தேடிப் பார்ப்பாள். அவளிடம் எப்போதும் ஏதாவது ஒன்று அகப்படும். நாளைக்கு நடக்கவிருக்கும் வகுப்பு, அம்மாவின் இருமல், பூட்டினோமா இல்லையா என்று தெரியாத கதவு. சரி, இதுவாகத்தான் இருக்கும் என்று "நான்தான்" போட்டுவிடுவாள். சின்ன வயதிலிருந்தே "எதுக்கெடுத்தாலும் பயப்படுத கழுத" என்று வீட்டில் பெயர் வாங்கியவள். இன்னும் ஒன்று சேர்ந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

படிப்பு முடிந்தது. சில்லு மாணவர்களுக்கு மட்டும்தான். வேலைக்குப் போகிறவர்கள் எடுத்துவிட வேண்டும். பேருந்து ஓட்டுகிறவர் கைக்கு வேறு எவருடைய நடுக்கமோ வந்து சேர்ந்தால் பயணிகள் கதி என்ன என்று சட்டம் கேட்டது. நியாயமான கேள்விதான்.

கடைசி நாள் காலையில் வீடு பாதி காலியாகியிருந்தது. ஹஸீனா சென்னைக்கு மேற்படிப்புக்குப் போகிறாள். சாயங்காலம் அவள் காக்கா, அதாவது அண்ணன், கார் கொண்டு வருகிறார். மிருதுளாவுக்கு அந்தமானுக்குத் தெற்கே ஆளில்லாத ஒரு தீவில் அலை கண்காணிக்கும் வேலை. ஆறு மாதம், ஒரே ஆள். அந்த வேலைக்கு விண்ணப்பித்தவளே அவள் ஒருத்திதான்.

இசக்கிக்கும் வேலை கிடைத்திருந்தது. மன்னார்க் கடலில் நட்டிருக்கும் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை. நூற்றிருபது மீட்டர் உயரம், கீழே கடல். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சன்னலிலிருந்து காற்றாலைகளைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள் அவள். பயிற்சிக்காக நான்கு முறை ஏறினாள். நான்கு முறையும் உச்சியில் நின்று சிரித்தாள். இறங்கியதும் திருநெல்வேலிக்குப் போய் அல்வா வாங்கி வந்து, "எம் பயத்தை நீங்க ரெண்டு பேரும் தூக்கிக்கிட்டதாலதான் ஏற முடிஞ்சுது" என்று ஊட்டிவிட்டாள். இருவரும் மறுபேச்சில்லாமல் அல்வாவைத் தின்றார்கள்.

சில்லை எடுத்துவிட்டால் அந்தப் பயம் முழுசாக வரும். அதை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவது? வேலையை ஏற்கிறாயா என்பதை இன்று ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டாள். அனுப்புவதுதான் பாக்கி. அதற்குப் பதில் திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து காற்றாலைக் கணக்கைத் தட்டச்சு செய்யலாம். நாற்காலியிலிருந்து விழுந்து செத்தவர் யாரும் இல்லை.

காலைத் தோசையின்போது மிருதுளா அதற்காகச் சண்டை பிடித்தாள். இசக்கியைக் கயிறு கட்டித் தானே மேலே தூக்கப்போவதாக மிரட்டினாள். ஹஸீனா என்றைக்கும் இல்லாத திருநாளாய்ப் பேசாமல் தோசையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மிருதுளாவுக்கு ஆய்வகத்துச் சாமான்களை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் மூன்று மணிக்குத்தான் அவள் முறை. இசக்கியும் ஹஸீனாவும் பதினோரு மணிக்கே நலவாழ்வு மையத்துக்குப் போனார்கள். சில்லு எடுக்கிறவர் ஜெபக்கனி. பிள்ளைகளுக்கெல்லாம் கனியக்கா. முதலில் இசக்கி போனாள். மரத்துப்போக ஊசி, இரண்டு நிமிட வேலை, ஒரு சின்னப் பிளாஸ்திரி. காது குத்தியபோது இதைவிட அதிகமாக அழுதிருப்பாள்.

முடிந்ததும் கனியக்கா ஒரு தாளை நீட்டினார். சில்லு மூன்று வருடமாக எழுதி வைத்த விவரம். இடதுபக்கம் அவளிடமிருந்து போன பயம், வலதுபக்கம் அவளுக்கு வந்த பயம். இடதுபக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. வலதுபக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நிரம்பி வழிந்தது.

"தாள் தப்பா அச்சாயிருக்கு போலுக்கே அக்கா. ரெண்டு பக்கமும் எடம் மாறிக் கெடக்கு" என்றாள் இசக்கி.

கனியக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எடமெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்கிட்டருந்து போனது வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. உனக்கு வந்ததுதான் ஏராளம். இந்தா பாரு, சாயங்காலம் நாலு மணி. லீவு நாள்கூட விடல. ஒரு ஆளு மூணு வருசமா நேரம் தப்பாமப் பயந்திருக்கு."

"அது நான்தாம்க்கா."

"நீ இல்ல. நீ உன்னைப் பத்தி என்ன நெனச்சிருக்கன்னு சில்லுக்குத் தெரியாது பாரு. பயம் எங்க பொறக்கோ அங்கருந்து போனதாத்தான் எழுதும்."

இசக்கி தாளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, கேட்கவே கூச்சமாக இருந்தது, காற்றாலையில் ஏறிய நாட்களில் என்ன இருக்கிறதென்று பார்க்கச் சொன்னாள். கனியக்கா தேதியைத் தேடிப்பிடித்து விரல் வைத்தார்.

"பதினோரு நிமிசம். அதுவும் லேசா. எம் மவன் சைக்கிள் பழகுனப்போ எனக்கு இருந்தது இதவிடக் கூட. இத மூணாப் பிரிக்காம முழுசா நீயே வச்சிருந்தாலும் ஏறியிருப்ப."

"அப்போ ஏறுனது?"

"நீதான், வேற யாரு? அடுத்த பிள்ளைய வரச் சொல்லு."

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தபோது இசக்கிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருபத்தொரு வருடமாகத் தன்னைப் பற்றி ஊர் சொன்னதையெல்லாம் ஒரு தாள் பொய்யாக்கிவிட்டது. கையைக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கைதான் ஏறியது, இந்தக் கால்தான் நின்றது. அந்தச் சந்தோஷம் சரியாக நாலு நிமிடம் இருந்தது. பிறகு கணக்கு புரிந்தது. நாலு மணிப் பயம் தன்னுடையதில்லை என்றால் அது மற்ற இருவரில் ஒருத்தியுடையது.

ஹஸீனா பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். கையிலிருந்த தாளைப் பிரித்தே பார்க்காமல் நாலாக மடித்திருந்தாள். இசக்கி அதைப் பிடுங்கிப் பார்த்தாள். அதிலும் வலதுபக்கத்தில் நாலு மணி, தவறாமல். அப்படியானால் மிச்சம் ஒருத்திதான். பாம்பைத் துடைப்பத்தால் தள்ளியவள்.

"உனக்குத் தெரியுமாட்டி?" என்றாள் இசக்கி. ஹஸீனா தாளைப் படிக்காமல் மடித்த விதமே அதைச் சொல்லிவிட்டது.

ஹஸீனா ஒளிக்கவில்லை. இரண்டாம் வருடம் இசக்கிக்குக் கடும் காய்ச்சல் வந்ததே, அன்றைக்குத் தெரிந்துகொண்டாளாம். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது நாலு மணிக்கு அது வந்தது. இசக்கி குழந்தை மாதிரி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. ஹஸீனா பழக்கதோஷத்தில் "யாரு?" என்று போட்டாள். ஆய்வகத்தில் இருந்த மிருதுளாவிடமிருந்து பதில் இல்லை. ஐந்து மணிக்கு எழுந்த இசக்கி கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "நான்தான், காய்ச்சல்ல" என்று போட்டாளாம்.

"அன்னைக்கே விளங்கிச்சு. மிருதுவுக்கே அது தெரியாது. மூணுல ஒரு பங்குதானே அவளுக்குத் தங்குது, லேசா வயிறு கலக்குன மாதிரி. காரணமும் தெரியல. அதனால தன்னுதில்லன்னு விட்டுருதா. நீ உன்னுதுன்னு எடுத்துக்கிடுத" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாட்டி எங்கிட்ட?"

"சொல்லியிருக்கணும்." ஹஸீனா தரையைப் பார்த்தாள். "அவ தைரியத்துலதான் நம்ம வீடு நின்னுச்சு. அதுல கைய வைக்க மனசு வரல. இன்னொண்ணும் இருக்கு. நீ நான்தான்னு சொன்னதும் பேச்சு முடிஞ்சிரும், நான் எஞ்சோலியப் பாக்கலாம். எனக்கு அது வசதியா இருந்துச்சு இசக்கி. அதுதான் நெசம்."

இசக்கிக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் அழகாகவும் இருக்காது. இத்தனை நாளும் தன்னைக் கோழை என்று தானே நம்பியதையும், இன்று காலையில்கூட அந்த வேலையை வேண்டாமென்று எழுதி வைத்ததையும், எல்லாம் தெரிந்தும் ஒருத்தி பக்கத்தில் நின்று தோசை சுட்டதையும் வரிசையாகச் சொல்லிக் கத்தினாள். மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது. கத்தி முடிந்ததும் ஹஸீனா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். இசக்கியும் வாங்கிக் குடித்தாள். மூன்று வருடம் ஒரு தட்டில் சாப்பிட்டவர்களின் சண்டை அதற்குமேல் நீளாது.

மிருதுளாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் மறுபடி இழுபறி. ஹஸீனாவுக்குச் சொல்ல விருப்பமில்லை. இன்று ராத்திரியே ரயிலேறி, நாளை மறுநாள் கப்பலேறப் போகிறவளைக் கடைசி நேரத்தில் ஏன் கலைக்க வேண்டும் என்றாள். இசக்கி ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னாள். இதுவரை மூன்றில் ஒரு பங்கு வந்தது. இனிமேல் முழுசு வரும். மனித வாடையே இல்லாத தீவில், முதல் முதலாக, இது என்னவென்றே தெரியாமல்.

ஹஸீனா கைப்பேசியில் மணி பார்த்துவிட்டு, "நாலு மணிக்கு அவ நம்மகூட வீட்டுல இருக்கணும்" என்றாள்.

மூன்று மணிக்கு மிருதுளா மையத்துக்கு வந்தபோது இருவரும் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் பிளாஸ்திரியோடு வெளியே வந்தாள். தாளெல்லாம் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே குப்பை நிறைய இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கனியக்கா அதை இசக்கியின் கையில் கொடுத்துவிட்டு, மிருதுளாவின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்ததும் மிருதுளா மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்ட ஆரம்பித்தாள். இசக்கி தாளை அவள் முன்னால் வைத்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மிருதுளா முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சில்லு கெட்டுப் போயிருக்கும் என்றாள். கெட்டுப்போகவில்லை என்றால் கனியக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள். இசக்கி வேலைக்குப் போகப் போகிறாள் என்பது மட்டும்தான் அவள் காதில் ஏறியது. அதற்காக முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு மறுபடி மெத்தை.

மணி நாலானது. இசக்கியின் வயிறு பழக்கத்தில் தன்னைத் தயார் செய்துகொண்டது. எதுவும் வரவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நாலு மணி வெறும் நாலு மணியாக இருந்தது. அந்த நிம்மதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

மிருதுளாவின் கையிலிருந்த கயிறு நின்றது. முடிச்சைப் பார்த்தபடியே இருந்தாள். உதட்டில் நிறம் இல்லை. "புள்ள" என்றாள் மெதுவாக. "எனக்கு என்னமோ ஆவுது." எழ முயன்று முடியாமல் சுவரில் சாய்ந்தாள். அந்தப் பெரிய உடம்பு முழுக்க நடுங்கியது. மூச்சு பாதி வழியில் நின்று திரும்பித் திரும்பி வந்தது. இசக்கி ஒரு பக்கமும் ஹஸீனா ஒரு பக்கமுமாக உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்கள். பிடிக்கத்தான் முடிந்தது. அதில் ஒரு துளியைக்கூட வாங்கிக்கொள்ள முடியவில்லை. அது இசக்கிக்குத் தாங்கமுடியாத கொடுமையாக இருந்தது.

மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்காததை அவள் கேட்டாள். "எதுக்கு மிருது? எதுக்குப் பயமா இருக்கு?"

"தெரீல." பல்லைக் கடித்துக்கொண்டு மிருதுளா தலையை ஆட்டினாள். பிறகு வெகு நேரம் கழித்து, "கேட்டு" என்றாள். "பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டு."

துண்டு துண்டாகத்தான் வந்தது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. நாலு மணிக்குப் பள்ளி விடும். அம்மா மொபெட்டில் வந்து கூட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மொபெட் சத்தமும் அம்மாவுடையதுபோல வந்து, இல்லாமல் போனது. இருட்டிய பிறகு சித்தப்பா வந்தார். அம்மா மூன்று நாள் கழித்து வந்தார். எங்கே போயிருந்தார் என்று யாரும் சொல்லவில்லை.

"அழுகாம நின்னுச்சு பாரு, தைரியமான புள்ளைன்னு எல்லாரும் சொன்னாங்க. சித்தப்பா முட்டாய் வாங்கிக் குடுத்தாரு. அதுக்கப்பறம் நான் எங்க அழுகறது? ஊர்ல இருந்த வரைக்கும் நாலு மணிக்கு அம்மா கண்ணுல பட்டுட்டே இருந்துச்சு, ஒண்ணும் தெரீல. என்ற அம்மா அந்த மூணு நாளு எங்க இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்ல."

ஹஸீனா அவள் கன்னத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். மிருதுளா அழுதுகொண்டிருக்கிறாள் என்பதே அப்போதுதான் மூவருக்கும் தெரிந்தது.

மூன்று வருடம் ஒரே பயத்தைத் தினமும் பங்கு போட்டிருக்கிறார்கள். அந்த ஏழு வயதுக் குழந்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் ஒருத்திக்கும் தெரியாது. பயம் லேசாகிவிட்டதால் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இசக்கிக்கு இப்போது அந்த நாகரிகமான சட்டத்தின்மேல் ஆத்திரம் வந்தது. அதில் தானும் பெருமைப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

நாலரை மணிக்கு நடுக்கம் அடங்கியது. மிருதுளா முகம் கழுவி வந்து, இசக்கியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"இதையா நீ உன்றதுன்னு சொல்லீட்டிருந்த?"

"மூணுல ஒரு பங்குதானட்டி."

"எனக்கும் அதேதான் வந்துச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. நீ அதைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, உன்னையே கோழைன்னு நெனச்சுக்கிட்டு மூணு வருசம் இருந்திருக்கற. இதுல தைரியம் யாருக்குன்னு நீயே சொல்லு."

இசக்கி மூக்கை உறிஞ்சினாள்.

மிருதுளா அங்கேயே உட்கார்ந்து தீவு நிலையத்தின் தலைவருக்குப் போன் போட்டாள். குரல் கரகரத்தது, ஆனால் மழுப்பவில்லை. தனக்கு ஒரு பயம் இருக்கிறது, இன்றைக்குத்தான் தெரிந்தது, தினமும் நாலு மணிக்கு யாராவது தன்னோடு பேச வேண்டும், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். வேலை போச்சு என்று ஹஸீனா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து அந்த மனிதர் சாவகாசமாகப் பதில் சொன்னார். இதற்குமுன் அங்கே இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்குப் பேச்சுத்துணை வேண்டுமாம். அதற்கு முந்தியவருக்கு மழை பெய்தால் மட்டுமாம். தனக்கு எதுவுமே வேண்டாமென்று விண்ணப்பத்தில் எழுதியிருந்த இந்தப் பெண்ணை நினைத்துத்தான் அவருக்கு இத்தனை நாளும் கவலையாக இருந்ததாம்.

போனை வைத்துவிட்டு மிருதுளா சிரித்தாள். இது வேறு சிரிப்பு. முன்னைப்போல உரக்க இல்லை.

மணி நாலு ஐம்பது. இசக்கி கைப்பேசியை எடுத்து, எழுதி வைத்திருந்த கடிதத்தை அழித்தாள். "வேலைக்கு வருகிறேன்" என்று ஒரே வரி எழுதினாள். இருவரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அனுப்பினாள்.

அனுப்பிய மறு நிமிடம் அவளுக்கு வந்தது. காதுக்குப் பின்னால் எதுவும் இல்லாமல், பிரிக்க ஆளில்லாமல், முழுசாக. சுருட்டிய மெத்தைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மிருதுளா உடனே கண்டுகொண்டாள். "ஒசரமா?" என்றாள்.

"ஒசரம் இல்ல." இசக்கி மெத்தையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல நான் எந்திரிக்கும்போது நீங்க ரெண்டு பேரும் இருக்க மாட்டீங்கள்லா?"

ஹஸீனா இசக்கியை ஒட்டி உட்கார்ந்தாள். "எனக்கு விடியக்காலையிலருந்தே அதுதான்" என்றாள். மிருதுளா மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். மெத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "நாலு மணிக்கு வந்தது போயிருச்சு" என்றாள். "இது போகல."

கீழே கார் வந்து நின்று இரண்டு முறை ஒலி எழுப்பியது. ஹஸீனா எழுந்து சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "காக்கா, ஒரு பத்து நிமிசம்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பி வந்தாள். அந்தப் பத்து நிமிடமும் மூவரும் அந்த மெத்தைமேல் நெருக்கியடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு முழுப் பயமாகப் பயந்து தீர்த்தார்கள்.